சேலம் தட்டுவடை செட்: சர்க்கரை இருப்பவர் வண்டியில் எதைக் கேட்டு வாங்கலாம்?

சாயங்காலம் ஐந்து மணி தாண்டிவிட்டால் சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தட்டுவடை செட் வண்டி நிற்கும். பழைய பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று எங்கும் இதே காட்சிதான். சர்க்கரை என்று தெரிந்ததும் கையில் கிடைக்கும் உணவுப் பட்டியலில் ‘எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். வண்டி மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் போய்விடுகிறது. பட்டியல் எழுதியவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த வரியை ஒரு மாதம் காப்பாற்றிவிட்டு, அடுத்த மாதம் முழுத் தட்டு நொறுக்கலோடு (தட்டுவடையை நொறுக்கிக் காயும் சட்னியும் கலந்தது) திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் எந்த ஒரு கடையையும் குறிக்காமல், வண்டியில் கிடைப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, டைப் 2 சர்க்கரை உள்ள ஒருவரின் கண்ணால் இங்கே பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செட்டை எண்ணி வாங்கினால் சாப்பிடலாம். முட்டை நொறுக்கல், அளவு சொல்லிச் செய்யச் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டால் கெடுதல். மசாலா பொரி வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட மோசமானது தட்டில் இல்லை, பக்கத்து வண்டியில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

செட்டுக்குள் என்ன இருக்கிறது

கீழே ஒரு சின்னத் தட்டுவடை, அதாவது மொறுமொறுப்பான தட்டை. அதன் மேல் ஒரு பக்கம் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்ந்த காரச் சட்னி. துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை மூடி அமுக்கினால் ஒரு செட்.

இதில் பீட்ரூட்டையும் கேரட்டையும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ‘மண்ணுக்கடியில் விளைவது சர்க்கரைக்கு ஆகாது’ என்று கேள்விப்பட்டு, ‘காய் போடாதீங்க’ என்று சொல்லி வெறும் தட்டுவடையும் சட்னியுமாக வாங்குவார்கள். இது தலைகீழ் கணக்கு. 100 கிராம் பச்சைப் பீட்ரூட்டிலேயே மாவுச்சத்து 10 கிராமைத் தாண்டாது. ஒரு செட்டில் விழுவதோ இரண்டு விரல் கிள்ளு. அந்தத் துருவலில் இருக்கும் சர்க்கரையை, ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர்கூடக் கவனிக்காது. மீட்டரை ஏற்றுவது மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுவடைதான். காயைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கூட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தால் பீட்ரூட் வேலையாக இருக்கலாம். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் அப்படி இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

தட்டுவடை பெரும்பாலும் அரிசி மாவு. கூடவே பொட்டுக்கடலை மாவு, உளுந்து மாவு, ஊறவைத்த கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், பொரிக்கிற எண்ணெய். எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மாவுச்சத்து, ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். 100 கிராமுக்கு 500 கலோரி சுமார்.

ஆனால் வண்டியில் யாரும் கிராம் கணக்கில் தருவதில்லை. தட்டுவடையின் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். இதற்கு ஒரு சுலபமான வழி: நீங்கள் வழக்கமாகப் போகும் வண்டியில் பயன்படுத்தும் அதே அளவுத் தட்டுவடையை கடையில் 100 கிராம் வாங்கி வந்து எண்ணுங்கள். 20 இருந்தால் ஒன்று 5 கிராம், மாவுச்சத்து 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 12 அல்லது 13தான் இருந்தால் ஒன்று 8 கிராம், மாவுச்சத்து நான்கரை கிராம். இந்த எண்ணிக்கையை ஒரு தடவை செய்தால் போதும்.

இப்போது கணக்குப் போடலாம். சின்னத் தட்டுவடையில் ஐந்து செட் என்றால் பத்துத் தட்டுவடை, 50 கிராம், மாவுச்சத்து 28 கிராம் சுமார். இரண்டரை இட்லிக்குச் சமம். பெரிய தட்டுவடை என்றால் அதே ஐந்து செட் 80 கிராம், மாவுச்சத்து 45 கிராம். அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டுமே ‘ஒரு ப்ளேட்’தான். சாயங்காலத் தீனிக்கு 15 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், சின்னத்தில் இரண்டரை செட், பெரியதில் ஒன்றரைதான் வரும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். அதற்கு வழி மூடியில் இருக்கிறது.

மூடியைக் கழற்றுங்கள்

செட்டின் ருசி சட்னியிலும் காயிலும் இருக்கிறது. தட்டுவடை மொறுமொறுப்புக்கு மட்டும்தான், அதற்கு ஒன்று போதும். ‘அண்ணா, மேல மூடி வேண்டாம், அஞ்சு போடுங்க, காய் கொஞ்சம் கூட’ என்று சொன்னால் தட்டில் ஐந்து இருக்கும், சின்னத் தட்டுவடையென்றால் மாவுச்சத்து 14 கிராம். கையில் பிடித்து வாயில் போடும் சந்தோஷமும் குறையாது.

ஒரு சிக்கல் உண்டு. மூடி இல்லாவிட்டால் காய் சரியும். ‘அப்படிப் பிடிக்க வராதுங்க’ என்று வண்டிக்காரரே சொல்வார். அவர் சொல்வது சரிதான். தக்காளி இருக்கிற வண்டியாக இருந்தால் மூடிக்குப் பதில் ஒரு தக்காளி வில்லை வைக்கச் சொல்லுங்கள். வெள்ளரிக்காய் இருந்தால் அதைவிட நன்றாக நிற்கும். இரண்டும் இல்லையென்றால் ஸ்பூன் கேளுங்கள். சட்னி தண்ணியாக இருந்தால் ஒற்றைத் தட்டுவடை இரண்டு நிமிடத்தில் நமுத்துவிடும். ஐந்தையும் மொத்தமாக அடுக்கி வாங்காமல் இரண்டு இரண்டாகப் போடச் சொல்வது நல்லது. கூட்டமில்லாத நேரத்தில், ஆறு மணிக்கு முன்னால் போனால் இதைப் பொறுமையாகச் செய்து தருவார்கள். ஏழரை மணிக் கூட்டத்தில் மூடியைப் பற்றி யாரும் பேச முடியாது.

மாங்காய் காலத்தில் மாங்காய் செட் தாராளமாக வாங்கலாம். புளிப்பு மாங்காயில் சர்க்கரை குறைவு. மல்கோவா, இமாம்பசந்த் பழத்தை அதே சாயங்காலம் வீட்டில் வெட்டி வைத்திருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் சாப்பிடுங்கள். பூண்டு செட் ருசிக்கு. பூண்டு சர்க்கரையைக் குறைக்கும் என்று நினைத்து இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டால் ஏறுவது தட்டுவடையால். முறுக்கு செட் இதே அரிசி மாவுக் கணக்குதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தட்டுவடையில் உப்பு, இரண்டு சட்னியிலும் உப்பு, மேலே தூவும் சாட் மசாலாவிலும் உப்பு. சர்க்கரை இருக்கும் பலருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லப்பட்டவர்கள் மேலே தூவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சட்னி பங்கையும் பாதியாக்கலாம், எலுமிச்சை பிழிந்தால் குறை தெரியாது.

நொறுக்கல்: எண்ண முடியாத தட்டு

தட்டுவடைகளைக் கையால் நொறுக்கி, காய், சட்னி, வெங்காயம் எல்லாம் சேர்த்துக் குலுக்கிக் கொடுப்பது நொறுக்கல். சுவையில் செட்டை மிஞ்சும், மறுக்க முடியாது. ஆனால் உள்ளே எத்தனை தட்டுவடை போனது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஒரு பிடி போட்டு நொறுக்கி, குறைந்தமாதிரி இருந்தால் இன்னும் இரண்டு போடுவார்கள், சிலர் மிக்சரோ பொரியோ சேர்ப்பார்கள். செட்டில் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும், இதில் மறைந்துவிடும். சர்க்கரைக்காரருக்கு செட்டைவிட நொறுக்கல் ஆபத்தானது இதனால்தான். இரண்டிலும் பொருள் ஒன்றே.

நொறுக்கல்தான் வேண்டும் என்றால் நொறுக்கும் முன்பே சொல்ல வேண்டும்: ‘தட்டுவடை நாலு மட்டும், பொரி மிக்சர் வேண்டாம், கேரட்டும் வெங்காயமும் கூட, ஒரு முட்டை’. வேகவைத்த ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து அநேகமாக இல்லை. நாலு தட்டுவடையில் தட்டு காலியாகத் தெரியும் குறையை முட்டை நிரப்பும், வயிறும் இரவுச் சாப்பாடு வரை தாங்கும். இப்படிச் சொல்லி வாங்கிய முட்டை நொறுக்கல்தான் இந்த வண்டியிலேயே சர்க்கரைக்காரருக்கு மிகச் சிறந்த தட்டு என்பது எங்கள் கருத்து. சொல்லாமல் வாங்கினால் அதே தட்டு கடைசி இடத்துக்கு இறங்கிவிடும்.

மசாலா பொரி இன்னொரு ஏமாற்று. ‘பொரி காற்றுதானே’ என்பார்கள். கன அளவில் காற்று, எடையில் அப்பட்டமான அரிசி. 25 கிராம் பொரி ஒரு பெரிய கிண்ணம் நிறைய வரும், அதில் மாவுச்சத்து 20 கிராமைத் தாண்டும். பொரிந்த அரிசியாதலால் குடலில் வேகமாகக் கரையும். எண்ணெய் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டுவடையை விட்டுப் பொரிக்கு மாறுகிறவர்கள் சர்க்கரையை இன்னும் சீக்கிரம் ஏற்றிக்கொள்கிறார்கள். அதே வண்டிப் பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் கிடைத்தால் அதை வாங்குங்கள். மாவுச்சத்து இருந்தாலும் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

காரம் தூக்கிக்கொண்டு போகும் இடம்

காரச் சட்னி நாக்கில் ஏறியதும் கை தானாகக் கரும்புச்சாறு வண்டிக்கோ கோலி சோடாவுக்கோ ரோஸ் மில்க்குக்கோ போகும். தொடக்கத்தில் சொன்ன கெடுதல் இதுதான். ஒரு டம்ளர் கரும்புச்சாற்றில் இருக்கும் சர்க்கரை, நீங்கள் கஷ்டப்பட்டு மூடியைக் கழற்றி மிச்சம் பிடித்த மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதுவும் திரவம், உடனே ஏறும். ‘காரம் தணிய’ என்று குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும் இதில் சேர்த்திதான். உப்பில்லாத மோர் கிடைத்தால் அது காரத்துக்கு நல்ல மருந்து, ஏனென்றால் மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலின் புரதமும் கொழுப்பும்தான் அதைப் பிடித்துக் கழுவும். மோர் இல்லாவிட்டால் பச்சைச் சட்னியை மட்டும் கேட்டு, காரச் சட்னியை ஒரு பொட்டோடு நிறுத்துங்கள்.

மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு

தட்டுவடையில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணெய் வயிற்றைக் காலி செய்வதைத் தாமதப்படுத்தும். அதனால் ஒரு மணி நேரத்தில் பார்த்தால் எண் நன்றாகவே இருக்கும். ‘பாருங்க, செட் சாப்பிட்டும் ஏறல’ என்று அடுத்த நாள் இரண்டு ப்ளேட் ஆகிவிடும். ஏற்றம் இரண்டாம், மூன்றாம் மணியில் வருகிறது, அதற்குள் இரவுச் சாப்பாடும் மேலே வந்து சேர்ந்திருக்கும். பழி தோசை மேல் விழும்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வாய் வைப்பதற்கு முன் ஒரு தடவை, அந்த நேரத்திலிருந்து எண்ணி இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, மூன்று மணி நேரத்தில் இன்னொரு தடவை. நடுவில் வேறு எதுவும் வேண்டாம். பொதுவாகச் சாப்பாட்டுக்குப் பின் 180 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. வயது, மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றைப் பொறுத்து உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் பழச்சாறோ சர்க்கரையோ ஒட்டியிருந்தால் எண் பொய்யாக ஏறும். மீட்டருக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேல் 15 சதவீதம் ஏற இறங்க அனுமதிக்கிறது. 160க்கும் 172க்கும் இருக்கும் வித்தியாசத்தை வைத்து எந்த வண்டி நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பாவை ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால் அந்தச் சோதனையே வீண்.

சாப்பிட்டதும் நின்றுகொண்டே பேசாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் குறையும். தசை அந்த நேரத்தில் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலின் அதிகம் தேவைப்படாது. நீங்கள் வந்த ஸ்கூட்டரை நான்கு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வருவது இதற்கு நல்ல ஏற்பாடு.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாயங்காலம் செட் சாப்பிட்டுவிட்டு ‘வயிறு நிறைஞ்சிருக்கு’ என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடாதீர்கள். நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கும். இறங்கிவிட்டால் தட்டுவடை உதவாது, எண்ணெய் அதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மாத்திரை சர்க்கரையைக் குடலில் உடைய விடாது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பொட்டலமே இருக்க வேண்டும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

தட்டுவடையை அநேக வண்டிகளில் அங்கேயே சுடுவதில்லை, வெளியிலிருந்து மொத்தமாக வரும். அதனால் வண்டிச் சுத்தத்தைப் பார்த்து எண்ணெயை மதிப்பிட முடியாது. ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தாலோ கடித்ததும் தொண்டையில் அரித்தாலோ அது பழைய எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கக் கருவி வேண்டும், நம்மிடம் மூக்குதான் இருக்கிறது.

அடுத்து சட்னியும் துருவலும். இரண்டும் வேகாத பொருள். சட்னி வாளி மூடியிருக்கிறதா, துருவல் சாயங்காலம் துருவியதா காலையில் துருவியதா என்று பாருங்கள். கேரட் துருவல் ஓரம் காய்ந்து வெளுத்திருந்தால் பழையது. வயிற்றுப்போக்கு யாருக்கும் தொல்லைதான், ஆனால் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து. அந்த மாத்திரை ஏற்கெனவே சிறுநீரில் நீரை வெளியேற்றுகிறது. வாந்தி பேதி வந்தால் அந்த மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்தால்

சட்னி சுலபம். கொத்தமல்லி ஒரு பெரிய கைப்பிடி, புதினா அதில் பாதி, பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி ஒரு துண்டு, அரை மூடி எலுமிச்சை. தண்ணீர் இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். கெட்டியாக இருந்தால்தான் தட்டுவடை நமுக்காது. காரச் சட்னிக்கு எட்டுக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டோடு அரைத்தால் போதும்.

தட்டுவடையில் மாவுச்சத்தைக் குறைக்க அரிசி மாவைக் குறைத்துப் பொட்டுக்கடலை மாவை ஏற்றுகிறார்கள். 100 கிராம் அரிசி மாவுக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, 25 கிராம் வறுத்து அரைத்த உளுந்து மாவு வரை சரியாக வரும். அதற்கு மேல் பொட்டுக்கடலை போனால் எண்ணெயில் உதிரும், எண்ணெயையும் குடிக்கும், உள்ளே வேகும் முன் வெளியே கருகும். லாபம் நஷ்டமாகிவிடும். தட்டியதும் முள்கரண்டியால் நாலைந்து குத்து குத்தாவிட்டால் பூரி போல உப்பி நடுவில் மெத்தென்று நிற்கும். மிதமான தீயில் சலசலப்பு அடங்கும்வரை விட வேண்டும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் விரல் பருமன் வெள்ளரி வில்லையை அடியிலும் ஒரே ஒரு தட்டுவடையை மேலேயும் வையுங்கள். மொறுமொறுப்பு நாக்கில் முதலில் படுவதால் திருப்தி குறையாது.

கடையில் ‘கம்பு தட்டுவடை’, ‘ராகி தட்டுவடை’, ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’ என்றெல்லாம் பாக்கெட் வருகிறது. முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் அரிசி மாவு, நான்காவதாக ராகி என்று இருந்தால் அது ராகி நிறம் பூசிய அரிசித் தட்டுவடை. முதலிலேயே ராகி இருந்தாலும் மாவுச்சத்து அரிசியைவிடப் பெரிதாகக் குறையாது, எண்ணெய் அதேதான். 200 கிராம் பாக்கெட் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் நான்கு நான்காக எண்ணிச் சின்னப் பைகளில் கட்டி வையுங்கள். பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் மூடி இல்லாத செட், நாலு தட்டுவடை நொறுக்கல் கணக்கெல்லாம் அங்கேயே முடிந்துபோகும்.